கூரையில் சூரியன், கூடத்தில் மெழுகுவத்தி

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. நவம்பர் 30 ராத்திரி புதுவைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த புயல், 24 மணி நேரத்தில் 48.4 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கிருஷ்ணா நகருக்கு ராணுவமே வந்து ஆட்களை மீட்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. கரன்ட்தான் வரவில்லை.

எதிர்வீட்டு சொல்தா ஐயா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். (வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவரை பாண்டியில் 'சொல்தா' என்போம்.) அந்த வருஷம்தான் மாடியில் சோலார் போட்டிருந்தார்.

"தம்பி, நீ பேப்பர்ல எழுதுற ஆளு. இத்த மட்டும் எனக்குச் சொல்லு. மேல பாரு, வெயில் சுள்ளுனு அடிக்குது. மூணு கிலோவாட்டு. கடன் வாங்காம கைக்காசு போட்டு வச்சேன். உள்ள வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கூடத்தில் மெழுகுவத்தி. சமையல்கட்டில் அம்மா கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரை வைத்திருந்த ஃப்ரிட்ஜ் மூன்று நாளாக வெறும் அலமாரி.

சோலார் போட்ட கம்பெனிக்கு போன் அடித்திருக்கிறார். "அது அப்படித்தான் சார். லைன்ல கரன்ட் வந்தாத்தான் சோலாரும் வரும்" என்று பதில் வந்ததாம். "இத்த விக்கும்போது சொன்னியா?" என்று கேட்டதற்கு பதில் இல்லை.

அந்த ஆள் சொன்னது பொய் இல்லை. மின்வாரிய லைனோடு இணைத்த சோலாரில், லைன் செத்தால் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். அப்படி நிற்கவில்லை என்றால் மாடியில் உற்பத்தியாகும் கரன்ட் தெரு லைனில் பாய்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் குடித்துவிடும். ஆக, நிற்பதுதான் சரி. ஆனால் தெரு லைனிலிருந்து துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் ஓட, அதற்கேற்ற இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் வேண்டும். அது அவரிடம் இல்லை. ஏன் இல்லை என்று விசாரிக்கப் போனபோதுதான் அரசாங்கத்தின் 'சேமிப்புக் கொள்கை' என்ற வஸ்து எனக்கு அறிமுகமானது.

நான் பி.காம். படித்தவன். மின்சாரத்தைப் பற்றி எனக்கு ஷாக் அடித்த அளவுக்குத்தான் தெரியும். ஆனால் கணக்கு தெரியும். உலகத்தில் எல்லா வியாபாரத்துக்கும் குடோன் உண்டு. நெல் விளைந்தால் கிடங்கில் வைக்கலாம். மின்சாரத்துக்கு மட்டும் உற்பத்தியும் விற்பனையும் அதே நொடியில் நடந்தாக வேண்டும். நிலக்கரி இருந்தவரை இது பெரிய சிக்கலாக இல்லை. நிலக்கரிக் குவியல்தான் குடோன். தேவைப்படும்போது எரித்துக்கொள்ளலாம். சூரியனை அப்படி எரிக்க முடியாது. அது மத்தியானம் வரும். நாம் லைட், ஃபேன், டி.வி., ஏ.சி. எல்லாம் போடுவது சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல். ஆறரைக்கு சூரியன் கடையைக் கட்டிவிட்டுப் போயிருக்கும்.

பக்கத்துத் தமிழ்நாட்டைப் பாருங்கள். காற்றாலை மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல். நாட்டிலேயே முன்வரிசை. அங்கேயே, உற்பத்தியாகத் தயாராக இருந்த சூரிய மின்சாரத்தை 'வேண்டாம், நிறுத்து' என்று சொன்ன வழக்கு ஒன்று டில்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்தியதற்கு நஷ்டஈடு கொடு என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதாவது பாலைக் கறக்காமல் விட்டதற்குக் காசு. பானை இருந்திருந்தால் வழக்கே இல்லை.

பானை செய்யத் தெரியாதவர்களா நாம்? ஆனைமலைப் பக்கம் காடம்பாறைக்குப் போய்ப் பாருங்கள். உபரி மின்சாரம் இருக்கும்போது கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது திருப்பி விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். 400 மெகாவாட். 1980-களின் கடைசியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. நாலு யூனிட் போட்டால் சுமார் மூணு யூனிட் திரும்பி வரும். ஒரு யூனிட் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்து நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டார்கள். அது தேதி மேல் தேதியாகத் தள்ளிப்போன சோகக் கதை. 2024 ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசு இந்த 'நீரேற்று' மின் திட்டங்களுக்கென்று தனிக் கொள்கையே போட்டது. காடம்பாறை ஓட ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு!

புதுவையின் கதை இன்னும் வேடிக்கை. 2017-லேயே மத்திய அரசு நிறுவனமான பவர்கிரிட், இங்கே தன் துணைமின் நிலையத்தில் பெரிய பேட்டரிகளை மின்தொகுப்போடு இணைத்துச் சோதனை செய்தது. லித்தியம் ஒன்று, மேம்பட்ட ஈய-அமில பேட்டரி ஒன்று. தலா 500 கிலோவாட். இந்தியாவில் இந்த மாதிரி முதல் முயற்சிகளில் ஒன்று. டில்லி ரோகிணியில் 10 மெகாவாட் பேட்டரி வந்தது 2019-ல்தான். ஆக, டில்லிக்கு முன்னால் பாண்டி! ஆனால் அந்தப் பாடம் சொல்தா ஐயா வீட்டுத் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

டில்லி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்விநியோக நிறுவனங்கள் தங்கள் மின்சாரத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு வழியாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2022 ஜூலையில் இலக்கு வைத்தார்கள். 2023-24-ல் ஒரு சதவிகிதம், 2029-30-ல் நாலு. 2023 செப்டம்பரில், 4,000 மெகாவாட்-மணி பேட்டரிக்கு முதலீட்டுச் செலவில் 40 சதவிகிதம் வரை மானியம். 2025 ஜூனில் இன்னும் 30,000 மெகாவாட்-மணிக்கு, ஒவ்வொரு மெகாவாட்-மணிக்கும் 18 லட்சம் ரூபாய். இதற்கு மட்டும் 5,400 கோடி. பேட்டரி விலையும் சரிந்தது. 2022-ல் ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகையாக சுமார் 10.8 லட்சம் கேட்டார்கள். 2024 முடிவில் ராஜஸ்தான் டெண்டரில், மானியத்தோடு, சுமார் 2.2 லட்சம். இரண்டு டெண்டரின் நிபந்தனைகளும் ஒன்றல்ல என்றாலும் போகும் திசை தெரிகிறதல்லவா? பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

இனி என் குறைகள்.

முதல் குறை, இந்தக் கொள்கைக்கு வீடு என்ற ஒன்று கண்ணில் படவே இல்லை. 2024-ல் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் மாடியில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம். பேட்டரிக்கு? பூஜ்யம். கோடிக்கணக்கில் மானியம் வாங்கும் பேட்டரி ஏதோ பொட்டல்காட்டில் உட்கார்ந்திருக்கும். புயல் அடிக்கும் கடலோர ஊரில் மாடியில் தகடு, கூடத்தில் மெழுகுவத்தி.

இதற்கு ஒரு அதிகாரி நியாயமான பதில் சொல்வார்: வீட்டுக்கு வீடு பேட்டரி கொடுப்பதைவிடத் துணைமின் நிலையத்தில் ஒரே பேட்டரி வைப்பது மலிவு. ஒப்புக்கொள்கிறேன். கம்பமே சாய்ந்து கிடக்கும்போது துணைமின் நிலையத்து பேட்டரி என்ன செய்யும் என்பதற்கு மட்டும் பதில் வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த பாண்டிக்காரன் கேட்கிற கேள்வி இது.

இரண்டாவது குறை, கணக்கைப் பற்றியது. இப்போது சோலார் வீட்டுக்காரர் மத்தியானம் லைனுக்கு ஒரு யூனிட் கொடுத்தால், ராத்திரி ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு நேர். வங்கியில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். மின்சாரச் சந்தையில் மத்தியான யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்கும் கீழே போகிறது. சாயங்கால யூனிட் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்ட நாட்களும் உண்டு. இரண்டையும் ஒரே விலையில் மாற்றிக்கொடுத்தால் வித்தியாசத்தை யார் கட்டுவது? மின்துறை. அதாவது மாடியில்லாத, வாடகைக்கு இருக்கிற, சோலார் போட வசதியில்லாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அதோடு, சாயங்கால யூனிட்டுக்குத் தனி மதிப்பு இல்லாதவரை யாராவது பேட்டரி வாங்குவார்களா? சொல்தா ஐயாவுக்கு யாரும் பேட்டரி விற்காததற்குக் காரணம் இதுதான். லைனே அவருக்கு இலவச பேட்டரி. லைன் செத்த அன்றைக்குத்தான் அது யாருடைய பேட்டரி என்று தெரிந்தது.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று 2023 ஜூனில் மத்திய அரசு விதி போட்டது. வெயில் நேரத்தில் 10 முதல் 20 சதவிகிதம் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். நல்ல விதி. ஆனால் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் என்றால் ப்ரீபெய்ட் மீட்டர் என்று ஆக்கி, ப்ரீபெய்ட் என்றால் 'காசு தீர்ந்தால் ஃபியூஸ் பிடுங்குவான்' என்ற பயத்தையும் ஆக்கிவிட்டார்கள். ஜனங்கள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். சலுகையை முதலில் காட்டாமல் மீட்டரை முதலில் காட்டினால் வேறென்ன நடக்கும்?

மூன்றாவது குறை, எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமானது. காரைக்காலில் இருக்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையத்தை விட்டால் புதுவைக்கென்று சொல்லிக்கொள்ள பெரிய மின் நிலையம் கிடையாது. நெய்வேலியும் மற்ற மத்திய நிலையங்களும்தான் சோறு போடுகின்றன. 2022-க்குள் 246 மெகாவாட் சூரிய மின்சாரம் என்று இலக்கு வைத்தார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஏன் எட்டும்? 2020 மே-யில் மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்கப் போவதாக அறிவிப்பு. 2022-ல் டெண்டர், அதை எதிர்த்து ஊழியர் வேலைநிறுத்தம். விற்கப் போகும் வீட்டுக்கு யாராவது தண்ணீர்த் தொட்டி கட்டுவார்களா? பேட்டரி என்பது பத்துப் பதினைந்து வருஷ விவகாரம். நாளைக்கு முதலாளி யார் என்றே தெரியாத இலாகா அதைப் பற்றி யோசிக்காது.

என்ன செய்யலாம்? பெரிய கனவெல்லாம் வேண்டாம். அடுத்த புயலுக்குள் முடிகிற மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, குடிநீர் பம்ப்ஹவுஸ், ஆரம்ப சுகாதார நிலையம், புயல் முகாமாகும் பள்ளிக்கூடம். இந்த மூன்றின் கூரையிலும் சோலார், கீழே பேட்டரி, லைன் செத்தாலும் தனியாக ஓடும் இன்வெர்ட்டர். வீட்டுக்கு வீடு முடியாவிட்டால் வட்டாரத்துக்கு ஒரு விளக்காவது எரியட்டும்.

இரண்டு, மத்திய மானியத்தில் ஒரு துணைமின் நிலையத்திலாவது பேட்டரி வைத்து, மாதாமாதம் அதன் கணக்கை வெளியிடட்டும். எத்தனை யூனிட் போட்டது, எத்தனை யூனிட் எடுத்தது, எவ்வளவு மிச்சம். நஷ்டம் என்றால் நஷ்டம் என்று எழுதட்டும். எங்கள் கட்டணத்தில்தானே அது வந்து விழப்போகிறது?

மூன்று, சோலார் விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் 'லைன் இல்லாவிட்டால் இது ஓடாது' என்று தமிழில், கொட்டை எழுத்தில், ரசீதுக்கு மேலேயே அச்சடிக்க வேண்டும். இதற்கு மானியமே தேவையில்லை.

பாரதி பூங்காவில் நிற்கிறதே ஆயி மண்டபம், அதன் கதை தெரியுமல்லவா? ராஜா கோயில் என்று நினைத்து ஒரு தாசியின் வீட்டைக் கும்பிட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னார். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிவிட்டாள். பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் நினைவாக மண்டபம் எழுப்பினார்கள். அந்த மண்டபம்தான் இன்றைக்கு புதுவை அரசின் முத்திரை. சேமித்து வைத்த ஒரு பெண்ணின் ஞாபகார்த்தத்தை ஒவ்வொரு அரசாணையிலும் குத்தி அனுப்புகிற அரசாங்கம் இது. அதே முத்திரையோடு சேமிப்புக்கும் ஒரு ஆணை வரக்கூடாதா?

சொல்தா ஐயா காத்திருக்கவில்லை. பொங்கலுக்குள் கடைக்குப் போய் பழைய மாதிரி ஈய-அமில பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வந்துவிட்டார். இப்போது அவர் வீட்டில் இரண்டு இன்வெர்ட்டர். ஒன்று மாடிக்கு, ஒன்று மாடி கைவிடும் நாளுக்கு.

"ரெண்டுக்கும் நாந்தான் காசு குடுத்தேன் தம்பி. இதுல அரசாங்கக் கொள்கை எதுன்னு கொஞ்சம் விசாரிச்சு சொல்லு."

விசாரித்ததைத்தான் எழுதியிருக்கிறேன், ஐயா.