பதிவேடும் குடும்ப நினைவும்: நேட்டால் ஒப்பந்தத் தமிழரின் மூதாதையர் வரலாறுகளை வாசித்தல்

திறவுச்சொற்கள்: ஒப்பந்தக் கூலி முறை, நேட்டால், கப்பற் பட்டியல், குடும்ப ஆவணம், வாய்மொழி மரபு

முன்னுரை

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். இவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் ஊரையும் பெயரையும் தேடி எழுதும் குடும்ப வரலாறுகள் இன்று தனியோர் எழுத்துவகையாக வளர்ந்துள்ளன. இவ்வகை எழுத்தில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. அரசுப் பதிவேடு கூறுவது உண்மை. குடும்பம் கூறுவது அப்பதிவேட்டோடு ஒத்துப்போகும் அளவிற்கே உண்மை என்பதே அவ்வழக்கம். இதனை ஆய்வுநெறியாகக் கொள்ள இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்து. பதிவேடும் எவரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காக எழுதிய பனுவலே.

கப்பற் பட்டியல் என்னும் பனுவல்

குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், உடல் அடையாளம், மாவட்டம், தாலுகா, ஊர் எனப் பல பத்திகளைக் கொண்டவை இப்பட்டியல்கள். ஆளை அடையாளம் காண்பதும் ஒப்பந்தத்திலிருந்து தப்பியோடினால் பிடிப்பதுமே இப்பத்திகளின் நோக்கம். சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட நூல், 1860 முதல் 1902 வரையிலான பட்டியல்களைத் தொகுத்தாய்ந்தது. எந்த மாவட்டத்தினர் மிகுதி, ஆண் பெண் விகிதம் யாது என்பன போன்ற வினாக்களுக்கு அந்நூலே இன்றும் அடிப்படை. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டிப் பார்க்கும் ஆய்வில் ஒரு வரியின் பிழை கரைந்துபோகும். ஒரு மனிதரின் வாழ்வை எழுத முனைபவருக்கோ அந்த ஒரு வரியே பெரும்பாலும் முழுச் சான்று. புள்ளியியலுக்குப் போதுமான நம்பகத்தன்மை வாழ்க்கை வரலாற்றுக்கும் போதும் என்று கருதுவதில்தான் இடர் தொடங்குகிறது.

பெயரை முதலிற் கொள்வோம். கூலிகள் வாயாற் சொன்னதை எழுத்தர் ஆங்கில எழுத்தில் வரைந்தனர். அவ்வெழுத்தில் லகர ளகர வேறுபாடு மறைகிறது. குறில் நெடில் கலங்குகின்றன. ‘மூன்சாமி’ என்று படிக்கத்தக்க ஒரு பெயர் முனுசாமியாகவும் இருக்கலாம், முனிசாமியாகவும் இருக்கலாம். ஆனால் எழுத்தர் பிழை என்று தள்ளப்படுவன யாவும் பிழையல்ல. ‘செங்கல்ராயன்’ என்ற வடிவம் செங்கல்வராயன் என்னும் பெயரின் பேச்சு வழக்கு. 19ஆம் நூற்றாண்டின் மக்கட்பெயர் ஒலிப்பை அறிய விரும்பும் மொழியியலாளர் இப்பட்டியல்களை இன்னும் போதிய அளவிற் பயன்படுத்தவில்லை.

ஊர்ப்பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. நேட்டால் சென்றோரில் வட ஆர்க்காடு மாவட்டத்தினர் மிகுதி. சித்தூர் 1911 வரை அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே ‘வட ஆர்க்காடு’ என்ற பதிவைக் கண்டவுடன் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் மட்டும் ஊரைத் தேடுவோர், இன்றைய ஆந்திர எல்லைக்குள் உள்ள ஊரைத் தவறவிடக்கூடும். தெலுங்கு பேசிய மூதாதையைத் தமிழராகவும் தமிழரைத் தெலுங்கராகவும் கொள்ளும் பிறழ்ச்சியும் இதனால் நேரும்.

எல்லாவற்றிலும் கடினமானது சாதிப் பத்தி. உழவு வேலைக்கு உதவார் என்று கருதப்பட்ட சாதியினர் தம் சாதியை மறைக்கக் காரணம் இருந்தது. ஊரில் இழிவுபடுத்தப்பட்டோருக்கு, தம்மை அறிந்தவர் எவருமற்ற கூலி முகாமில் வேறொரு பெயரைச் சொல்லும் வாய்ப்பு இருந்தது. கேட்ட எழுத்தர் தமக்குத் தெரிந்த வகைகளுள் ஒன்றில் அதனை அடக்கினார். நேட்டாலில் பிறந்த பிள்ளைகளின் பெயர்ப்பதிவில் பின்னர் முதலி, பிள்ளை, நாயுடு, படையாச்சி போன்றவை குடும்பப் பெயர்களாயின. தந்தையின் பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு. பதிவேட்டில் ஒரு சாதியும் குடும்பப் பெயரில் வேறொரு சாதியும் காணப்படும்போது, குடும்பம் ‘பொய் சொல்லிவிட்டது’ என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் சாதியை மாற்றிச் சொன்ன அச்செயலே அம்மூதாதை தம் வாழ்வைப் பற்றித் தாமே எடுத்த முடிவாக இருக்கலாம். அதனைத் திருத்தி எழுதும் ஆய்வாளர், கூலி முகாம் எழுத்தரின் வேலையை நூறாண்டு கழித்துத் தொடர்கிறார்.

பெட்டியில் இருந்த தாள்

குடும்பங்கள் காத்துவைத்த ஆவணங்களை அவற்றின் உள்ளடக்கத்திற்காக மட்டும் படிப்பது போதாது. அவை ஏன் காக்கப்பட்டன என்பதும் வினாவாதல் வேண்டும். நேட்டால் அரசின் 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் நாடு திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்திற்கு உட்படாமலும் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் செலுத்தி உரிமம் பெற வேண்டும் என்றது. 1903இல் இது 16 வயது நிரம்பிய ஆண்மக்களுக்கும் 13 வயது நிரம்பிய பெண்மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் தர வேண்டியதாயிற்று. 1914இல் வரி நீக்கப்படும்வரை ஒப்பந்த விடுதலைச் சான்றும் உரிமமும் கையில் இல்லாதவர் எந்நேரமும் ஐயத்திற்கு உரியவர். இத்தகைய தாள் மூதாதையின் பெருமைச் சின்னமாக இன்று சட்டமிடப்படலாம். அதனை முதலிற் பெட்டிக்குள் வைத்த கை அச்சத்தால் வைத்தது. அதில் பொறிக்கப்பட்ட குடியேற்ற எண்ணே குடும்பத் தாளையும் கப்பற் பட்டியலையும் இணைக்கும் உறுதியான கண்ணி என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

வாய்மொழிக் கதைகளை வேறு முறையில் அணுக வேண்டும். கல்லைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்துச் சென்றனர் என்னும் கதை மொரீசியசில் பரவலாக வழங்குகிறது. குடும்பந்தோறும் வரும் ஒரு கதையைத் தனியொருவர் வாழ்வின் நிகழ்ச்சியாகக் கொள்ள முடியாது. அது நாட்டார் வழக்காற்றுக் கூறு. ஆயினும் ஏமாற்றப்பட்டோம் என்னும் கதையையே ஏன் இத்தனை குடும்பங்கள் தெரிந்தெடுத்தன? 1876–78 பஞ்சத்திலும் அதன் பின்னும் ஊரை விட்டவர், பெற்றோரையோ மனைவியையோ பின்னே விட்டுச் சென்றிருப்பின், அப்பழியை ஆள்பிடிப்பவன்மீது ஏற்றும் கதை ஆறுதல் தந்திருக்கும். ஏமாற்று நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை; எல்லாக் குடும்பத்திலும் அது மட்டுமே நிகழ்ந்தது என்பதே ஏற்கத்தக்கதன்று.

பெண் மூதாதையர்

தமிழிலக்கிய வாசகருக்கு ஒப்பந்தக் கூலிப் பெண் என்றவுடன் நினைவிற்கு வருவது, பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாடல். அப்பாடலின் பரிவு பெரிது. அதிலுள்ள பெண்கள் பெயரற்ற கூட்டமாகவே துயருறுகின்றனர். பதிவேட்டில் பெண்ணுக்குத் தனி எண் உண்டு, தழும்பு உண்டு, தந்தை பெயர் உண்டு. குடும்ப நினைவிலோ அவள் ஒருவரின் மனைவி மட்டுமே. கணவனோடு வந்தாள் என்று குடும்பம் கூறும் ஒருத்தி, பட்டியலில் வேறொரு கப்பலில் தனியே வந்தவளாகக் காணப்பட்டால் ஆய்வாளர் என் செய்வது?

கைத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட ‘கூலி வுமன்’ இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா, 1903இல் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குக் கருவுற்ற நிலையில் தனியே கப்பலேறியவர். அவர் ஏன் புறப்பட்டார் என்பதைப் பதிவேடும் சொல்லவில்லை, குடும்பமும் சொல்லவில்லை. கைம்பெண்ணோ, துரத்தப்பட்டவளோ, தானே வெளியேறியவளோ என்று ஊகம் ஒன்றைத் தேர்ந்து கதையை நிறைவுசெய்ய நூலாசிரியர் முற்படவில்லை. பிற பெண்களைப் பற்றிய ஆவணங்களை அருகில் வைத்து வாய்ப்புகளை விரித்துக் காட்டுகிறார். தமிழ்க் குடும்ப வரலாறுகளுக்கு இம்முறை பெரிதும் பயன்படும். நேட்டால் வழித்தோன்றல்களுள் பலர் தமிழ் எழுத்தறியார். பட்டியலின் ஆங்கில வடிவத்திலிருந்து கொள்ளுப்பாட்டியின் பெயரை மீட்டெடுக்க, வட ஆர்க்காட்டு வழக்குப்பெயர்களை அறிந்த ஒருவர் அவர்களுக்கு வேண்டும். அத்தகைய பெயர் அட்டவணை ஒன்றைத் தொகுப்பது தமிழ்த் துறைகள் உடனே ஏற்கக்கூடிய பணி. தாலுகாவாரியாகப் பழைய ஊர்ப்பெயர்களையும் அதில் சேர்க்கலாம்.