சக்கரத்தை ஓட்டுபவருக்கே முதல் மதிப்பெண்

நெய்வேலியில் சக்கரத்தைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். மண் கெட்டியோ இளக்கமோ, சுரங்கத்துப் பக்கெட் வீல் ஒரே கதியில் சுழன்றால்தான் கன்வேயர் பெல்ட்டில் சரக்கு சீராக வந்து விழும். ஸ்டான்ஃபோர்டின் ஜி மேஜர் மாலை ஆராதனை இசையில் ஆர்கனிஸ்ட்டின் வேலையும் அதுதான்.

சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்டு 1852இல் டப்ளினில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இசையமைத்த இந்தப் படைப்பில் இரண்டு பாட்டுகள்: மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு. இரண்டும் லூக்கா சுவிசேஷத்தில் உள்ளவை. வெஸ்பர்ஸ், கம்ப்ளின் என்ற பழைய இரண்டு வழிபாடுகளை இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் ஒன்றாக்கியதால் இவை ஒரே மாலைக்குள் வந்து சேர்ந்தன. நம் சி.எஸ்.ஐ. மாலை ஜெபத்திலும் தமிழில் இருக்கின்றன.

மரியாளை ராட்டையில் நூல் நூற்கும் சிறு பெண்ணாகப் பார்த்தார் ஸ்டான்ஃபோர்டு. ராட்டை ஆர்கனில் ஓடுகிறது. அதன் மேலே ஒரு சிறுவன் தனியாகப் பாடுகிறான். (பெண்ணின் பாட்டை ஆண் பிள்ளையிடம் கொடுப்பது இங்கிலாந்துத் தேவாலயங்களின் பழைய வழக்கம்.) 1814இல் ஷூபர்ட் தன் பாட்டு ஒன்றுக்காகப் பியானோவில் சுழற்றிய ராட்டைதான் இதற்கு மூத்தது. ஆனால் விரலை அழுத்தினால் ஒலி கூடும் வசதி பியானோவில் உண்டு, ஆர்கனில் இல்லை. எந்தக் குழாய்களைத் திறக்கிறோம் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். கனத்த குழாய்களைத் திறக்கும் ஸ்டாப்பை இழுத்தால் பையன் மூழ்கிப்போவான். கட்டடம் பெரிதாக, எதிரொலி நீளமாக இருந்தால் வேகமான சுரங்கள் கலங்கிக் குழம்பாகிவிடும். அதற்குப் பயந்து வேகத்தைக் குறைத்தால் நீண்ட வரியின் நடுவில் பையனுக்கு மூச்சு தீரும். நல்ல ஆர்கனிஸ்ட் வேகத்தில் கை வைக்க மாட்டார். சுரங்களைச் சற்று வெட்டி வாசித்து இடைவெளி உண்டாக்குவார்.

பையன் உச்சத்தைத் தொடும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நான் கவனிப்பது அதற்கு முந்தைய மூச்சை. தோள் உயர்ந்தால் உச்ச சுரம் இறுகும். அந்த இடத்தில் கண்டக்டர் ஒரு நொடி தாராளமாக இருக்கிறாரா, கடிகாரம் பார்க்கிறாரா என்பதில் தெரிந்துவிடும் குழுவின் தரம்.

இந்தக் குரலுக்கு ஆயுள் குறைவு. பயிற்சி முற்றிப் பாட்டு கைவசப்படும் வயதில்தான் குரல் உடையும் மகரக்கட்டு வந்து நிற்கும். நமக்கு இது புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடகம் போடத் தொடங்கிய பால சபையும், பின்னால் வந்த பாய்ஸ் கம்பெனிகளும் இதே கெடுவுக்குள்தான் ஓடின. ஆர்மோனியத்தோடு உச்சக் கட்டையில் பாடிய ராஜபார்ட் பையன் ஒருநாள் தொண்டை கட்டி நிற்பான். அவன் வேஷம் அடுத்தவனுக்குப் போகும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 16 சிறுவர்கள் பாடுகிறார்கள். அங்கேயும் ஒருவன் விலகும் முன்பே அடுத்தவன் தயாராகிக்கொண்டிருப்பான். இப்படி ஆள் தேற்ற விடுதியோடு ஒரு பள்ளி வேண்டும், அன்றாடம் ஒத்திகை வேண்டும். தமிழ்நாட்டு ஆலயங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் க்வயர் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். நட்டம் என்று நான் நினைக்கவில்லை. இங்கிலாந்திலேயே சாலிஸ்பரி தேவாலயம் 1991இல் சிறுமிகளுக்கென்று ஒரு குழு தொடங்கியது. மரியாளின் பாட்டு சிறுமி வாயில் வந்தால் ராட்டை நின்றுவிடப் போவதில்லை.

குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டாம் பாதியில். சிமியோன் கிழவர், அவர் பாட்டு பாஸ் குரலுக்குப் போகிறது. சக்கரம் நின்றுவிடுகிறது, ஆர்கன் அடங்குகிறது. கடினமான கட்டம் தாண்டியாயிற்று என்று ஆர்கனிஸ்ட் தளர, பாஸ்காரர் முதுமையைக் காட்டுகிறேன் என்று இழுக்க, பாட்டு தவழ ஆரம்பிக்கும். சிமியோன் சோர்ந்து பாடவில்லை. காத்திருந்தது கண்முன் வந்த நிறைவில் பாடுகிறார். நடை அப்படியே இருக்க வேண்டும், ஒலி மட்டும் தாழலாம். பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நான் இருந்தால் பையனைத் தேடும் முன் நல்ல பாஸ் ஒருவரைப் பிடித்து வைப்பேன்.