நைசாவும் கடாரமும்

சிரம்பான் வட்டாரத்தில் தமிழர் கூடும் மேடைகளில் கடாரத்தின் பெயர் ஒலிக்காத மேடை அரிது. கடாரம் நாம் வென்ற நாடு; பூசாங் பள்ளத்தாக்கு நாம் குடியேறி எழுப்பிய ஊர் என்று சொற்பொழிவாளர் முழங்குவதும், அவையோர் கைதட்டுவதும் வழக்கமாகிவிட்டன. இக்கூற்றின் முற்பகுதிக்குச் சோழர் மெய்க்கீர்த்தி சான்று தருகிறது. பிற்பகுதிக்கு என்ன சான்று என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இக்கருத்தை நம் மேடைகள் புதிதாகப் படைக்கவில்லை. 1936-37ஆம் ஆண்டுகளில் கெடாவில் அகழ்வு நடத்திய குவாரிச் வேல்ஸ், 1940இல் தம் ஆய்வை வெளியிட்டபோது, 'மலாயாவில் பண்டை இந்தியக் குடியேற்றம்' என்றே அதன் தலைப்பை அமைத்தார். கோயிலின் அமைப்பு இந்தியச் சார்புடையது, சிலைகள் அத்தகையன, எழுத்தும் இந்திய வழிப்பட்டது, ஆகவே அங்கு வாழ்ந்தோர் இந்தியக் குடியேறிகள் என்பது அவர் கொண்ட முறை. இம்முறை சரியா? நமக்கு விருப்பு வெறுப்பு இல்லாத வேறொரு நிலத்தில் இதனைச் சோதித்துப் பார்ப்போம்.

துருக்மெனிஸ்தானில், அஷ்காபாத் நகருக்கு அண்மையில் நைசா என்னும் பழம்பதி உள்ளது. ரோமப் பேரரசை எதிர்த்து நின்ற பார்த்தியரின் தொன்மையான அரணிருக்கைகளுள் ஒன்று அது. சோவியத் அறிஞர்கள் 1940களின் பிற்பகுதியில் அங்கு அகழ்ந்தபோது, தந்தத்தாற் செய்த அழகிய மதுக்கொம்புகள் பல வெளிப்பட்டன. அவற்றின் விளிம்பில் செதுக்கப்பட்டிருந்தோர் கிரேக்கத் தெய்வங்கள். அம்மதுக்கொம்புகள் மட்டுமே கிடைத்திருந்தால், வேல்ஸ் கொண்ட முறைப்படி நைசாவைக் கிரேக்கர் குடியேற்றம் என்றே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கு வேறொன்றும் கிடைத்தது. மை கொண்டு எழுதிய பானையோடுகள் 2,500க்கும் மேற்பட்டவை. அவற்றில் காவியம் இல்லை. அரசர் புகழும் இல்லை. எந்தத் திராட்சைத் தோட்டத்திலிருந்து எவ்வளவு மது, எந்த ஆண்டில், எவர் வழியே வந்தது என்னும் கணக்கே உள்ளது. நம் தோட்டங்களில் பால் நிறுத்துக் கிராணி எழுதும் கணக்கை ஒத்தது அது. எழுத்தோ அரமேய எழுத்து. சொற்களுள் பலவும் அரமேயச் சொற்களாகவே எழுதப்பட்டுள்ளன. எனினும் அவற்றைப் பார்த்திய மொழியில் படித்தனர் என்று தியாகொனொவ், லிவ்ஷித்ஸ் முதலிய அறிஞர்கள் நிறுவினர். கலை கிரேக்கருடையது, எழுத்து அரமேயருடையது, ஊரும் வாழ்வும் பார்த்தியருடையன. இரவல் பெற்ற வடிவம் வேறு, பெற்றவர் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பார்த்தியர் தொடர்பான இன்னொரு செய்தி நம்மை நேரே தொடுவது. பல்லவர் என்பார் பகலவராகிய பார்த்தியரின் வழியினர் என்று கல்வெட்டறிஞர் வெங்கையா போன்றோர் ஒரு காலத்தில் கருதினர். பெயர் ஒலியில் உள்ள ஒற்றுமையே அதற்கு முதன்மையான ஆதாரம். அக்கருத்து நிலைக்கவில்லை. புலவர் இராசசேகரர் தம் நூலில் பல்லவரைத் தெற்கிலும் பகலவரை வடக்கிலும் வேறு வேறாகவே வைத்து எண்ணியதை அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். காஞ்சியைப் பார்த்தியர் கட்டினர் என்று எவரேனும் சொன்னால் நாம் முகஞ்சுளிக்கிறோம். மேலோட்டமான ஒற்றுமை போதாது என்று மறுக்கிறோம். அந்த அளவுகோலைக் கடாரத்திற்கு வரும்போது மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவது நீதியாகுமா?

கடாரத்துச் சான்றுகளை இனி நோக்குவோம். வடமலாயாவில் கிடைத்த பழைய கல்வெட்டுகளுள் புகழ் பெற்றது புத்தகுப்தன் என்னும் மரக்கலத் தலைவனுடையது, கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அவன் ஊராகிய இரக்தமிருத்திகை வங்கநாட்டில் இருந்ததாகவே பெரும்பாலோர் கொள்வர். ஆகவே அவன் தமிழன் அல்லன். குடியேறியவன் என்பதினும், கடலோடி வந்து வேண்டுதல் செய்தவன் என்பதே பொருந்தும். புக்கிட் பத்து பகாட் கோயிலை அலாஸ்டர் லாம்ப் 1959-60இல் அகழ்ந்து மீட்டமைத்தார். அதன் கல்மேடையில் மரத்தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் இருந்தன. மரமும் கூரையும் கொண்ட இம்மண்ணின் கட்டட மரபு அதில் கலந்திருந்தது என்பதை அவை காட்டுகின்றன. 2009 முதல் சுங்கை பத்துவில் நிகழ்ந்த அகழ்வுகளில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும், காற்றூதும் மண்குழாய்களும், ஆற்றோரத் துறைமேடைகளும் வெளிப்பட்டன. வந்தேறிய வணிகரை நோக்கிக் காத்திருந்த வெறுங்காடு அன்று. தன் சரக்கைத் தானே ஆக்கிய தொழிலூர் அது.

சோழர் சான்றையும் முழுமையாகப் படித்தல் வேண்டும். 1025இல் இராசேந்திரன் கடாரத்தை வென்றான் எனின், வெல்லப்படுவதற்கு ஓர் அரசன் அங்கு இருந்தான் என்பதும் உடன் பெறப்படும். அவ்வரசர் வழியினரே அதற்குச் சற்று முன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். கடாரத்தார் கட்டிய விகாரம் நின்றமையால் நாகப்பட்டினம் கடாரத்தார் குடியேற்றம் ஆகிவிடுமா? ஆகாது எனின், கெடாவின் கோயில்களுக்கும் அவ்விடையே பொருந்தும்.

நம் நெகிரி செம்பிலானிலேயே, லிங்கியை அடுத்த பெங்காலான் கெம்பாஸில், 1467ஆம் ஆண்டுக் கல்தூண் ஒன்று உள்ளது. அரபு வழி எழுத்தும், பல்லவ எழுத்தின் வழித்தோன்றலாகிய காவி எழுத்தும் அந்த ஒரே தூணில் உள்ளன. அரபியரும் பல்லவரும் சேர்ந்து அங்கு ஊர் அமைத்தனர் என்று எவரும் சொல்வதில்லை.

இதனால் தமிழர்க்கும் இந்நாட்டிற்கும் இருந்த பழந்தொடர்பு சிறுமையுறாது. பட்டினப்பாலை காலந்தொட்டு வணிகமும் சமயமும் எழுத்தும் இரு கரைகளுக்கும் இடையே சென்று வந்தன. கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த உறவு அது. அதனை உடைமையாக்கிப் பேசுவோர், எதிர்த்தரப்பையும் அவ்வாறே பேசத் தூண்டுகின்றனர். சொல்லடி முழங்கிக்கொண்டிருக்கும்போதே, 2013இல் பூசாங்கில் பதினொன்றாம் எண் கோயிலின் எச்சம் வீட்டுமனைக்காக இயந்திரத்தால் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. யாருடையது என்ற வழக்கு நின்றது, செங்கல் நிற்கவில்லை.

வேல்ஸ் கொண்ட முறையில் நமக்குள்ள இடர் இன்னொன்று. நாளை ஒருவர் சிரம்பானைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களை அகழ்ந்தால், துரை பங்களாவின் அடித்தளமும், ஆங்கில எழுத்துப் பொறித்த இயந்திரங்களும் அவர் கைக்கு வரும். வடிவத்தைக் கொண்டே குடியைத் துணிவாராயின், இங்கே ஆங்கிலேயர் குடியேறி உழைத்தனர் என்று எழுதிவிடுவார். பால் மங்கு ஏந்திய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லக்கூடியது செக்ரோல் புத்தகம் ஒன்றே. எழுத்து ஆங்கிலம், பெயர்களோ முனியம்மாளும் இராமசாமியும். நைசாவின் பானையோடு போன்றதே அதுவும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அப்புத்தகங்களுள் எத்தனை குப்பைக்குப் போயினவோ! எஞ்சியவற்றைத் தேடி எடுத்துக் காப்பது, கடாரத்தை மேடையில் மீண்டும் ஒருமுறை வெல்வதினும் நமக்கு உடனடியாக வேண்டப்படும் பணி.