முதலில் நடுநாட்டுக்கு வாருங்கள்

பெங்களூரில் வேலை பார்க்கிற என் அக்கா மகள் ஒரு மார்கழி ராத்திரி போன் பண்ணினாள். "சித்தி, பாஸ்போர்ட் வந்துடுச்சு. கம்போடியா போய் அங்கோர் வாட் பாக்கப் போறேன். பழைய கோயில்னா உங்களுக்குத்தான் உயிராச்சே, எப்படிப் பிளான் பண்றதுன்னு சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கண்டிப்பா போயிட்டு வா கண்ணு. ஆனா அதுக்கு முன்னாடி பொங்கல் லீவுல மூணு நாள் எனக்குக் குடு. உனக்கு ஒரு நாட்டைக் காட்டணும்."

"எந்த நாடு சித்தி?"

"நடுநாடு."

தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவில் இருப்பதால் அந்தப் பெயர். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் எல்லாரும் இதன் மேலேறித்தான் போகிறார்கள். திண்டிவனத்தில் டீ குடிக்கிறார்கள், விழுப்புரம் ஜங்ஷனில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி மூன்றையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். ஒரு முக்கோணம் வரும். ஒரு பக்கத்தைக் கடக்க பஸ்ஸில் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. அந்த முக்கோணத்திலும் அதைச் சுற்றியும் பாறை ஓவியம், பல்லவர் குடைவரை, சமணர் குன்று, சோழர் கல்வெட்டு, மராட்டியர் ஆண்ட கோட்டை என்று இருக்கிற செல்வத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். இருபது வருஷமாகத் திண்டிவனத்தில் குடியிருக்கிறேன். லீவு கிடைத்தால் இங்கேதான் சுற்றுகிறேன். இன்னும் பார்த்து முடியவில்லை.

பயணத்துக்கு வழி சொல்லி அனுப்புவதற்கென்றே தமிழில் ஒரு பாட்டு வகை இருக்கிறது, ஆற்றுப்படை. அதில் சிறுபாணாற்றுப்படை எங்கள் ஊருக்கு வழி சொல்கிற பாட்டு! இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடி. ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடனிடம் போகிற பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராக வழி சொல்கிறார் புலவர். இந்த வேலூர் கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றுகூடச் சொல்கிறார். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டுக் குழம்பும்! கடைசியில் பாணன் போய்ச் சேரும் கிடங்கில்தான் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கும் கிடங்கல். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கிடங்கில் என்று ஊர்ப்பெயர் தாங்கிய புலவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போனாலும் எனக்குப் பாணன் ஞாபகம் வந்துவிடும்.

நத்தத்தனார் வழியிலேயே நானும் அவளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் விதி, ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் கூடாது. முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பத்து இடம் எழுதிக்கொண்டு போய், பத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல் திரும்பி வருவார்கள். ஒரு தூணுக்கு முன்னால் கால்மணி நேரம் உட்கார நேரம் வேண்டும்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை விழுப்புரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வாடகைக் காரில் செஞ்சி சாலையில் கிளம்பினோம். மண்டகப்பட்டுதான் எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டிய இடம். அதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. களத்தில் மல்லாட்டை காய வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வழி கேட்டோம். "தூணாண்டார் கோயிலா? இப்டியே நேராப் போம்மா, பாறை தெரியும்" என்றார். கைநிறைய மல்லாட்டையும் கொடுத்தார். வேர்க்கடலை என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் புரியும்தான், ஆனால் மல்லாட்டை என்று சொன்னால் சொந்தக்காரராகிவிடலாம்.

ஒரு பெரிய பாறை. அதன் முகத்தில் இரண்டு தூண், இரண்டு அரைத்தூண். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டைக் கட்டு. பூ வேலை கிடையாது, கொடி கிடையாது. உள்ளே மூன்று சிற்றறைகள், மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. இரண்டு ஓரத்திலும் மாடக்குழிக்குள் இரண்டு காவலர்கள், கதையின் மேல் கையூன்றி நம்மையே பார்த்தபடி. இவ்வளவுதான் மண்டகப்பட்டு. அக்கா மகள் முகத்தில் 'இதற்கா வந்தோம்' என்று எழுதியிருந்தது. நான் அவளைக் கல்வெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று கிரந்த எழுத்தில், வடமொழியில் சொல்கிற கல்வெட்டு அது. விசித்திரசித்தன் வேறு யாருமில்லை, மத்தவிலாசப் பிரகசனம் எழுதிய அதே மகேந்திரவர்மன்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பாருங்கள்! அதுவரை இந்தப் பக்கத்தில் கோயில் என்றால் மரமும் செங்கல்லும் சுதையும்தான். மழையில் கரையும், கரையான் அரிக்கும், தீயில் போகும். ஒரு ராஜா பாறையைக் குடைந்துவிட்டு, 'எதுவுமே இல்லாமல் கட்டினேன் பார்' என்று கல்லிலேயே எழுதி வைக்கிறான். பல்லவர் குடைவரைகளில் இதுதான் முதலாவது என்பது பலருடைய முடிவு. மாமல்லபுரத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி இங்கேதான் போடப்பட்டது என்று நான் மனசார நம்புகிறேன். அங்கோர் வாட் எழும்புவதற்கு ஐந்நூறு வருஷம் முந்தி. அதைச் சொன்னதும் அவள் பேசாமல் போய் அந்த வலது பக்கத்துக் காவலன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து தளவானூர். இதுவும் மகேந்திரன் குடைந்ததுதான், சத்ருமல்லேசுவராலயம் என்று தன் பட்டப்பெயரையே வைத்திருக்கிறான். மண்டகப்பட்டில் அடக்கி வாசித்த கை இங்கே கொஞ்சம் விளையாடியிருக்கிறது. தூண்களுக்கு மேலே மகர தோரணம் வளைந்து இறங்குகிற அழகைப் பாருங்கள். வடமொழியோடு தமிழ்ப் பாட்டு ஒன்றும் தூணில் வெட்டப்பட்டிருக்கிறது.

சாயங்காலத்துக்கென்று பனமலையைப் பத்திரமாக வைத்திருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெரிய ஏரி, அதை ஒட்டி ஒரு சின்ன மலை, மலை மேல் ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சி கைலாசநாதரைக் கட்டிய அதே ராஜசிம்மன். தூணெல்லாம் எழுந்து நிற்கும் சிங்கங்கள். இங்கே பூசை நடக்கிறது, ஆனால் நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஒரு தடவை நான் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு ஏரியை மட்டும் ரசித்துவிட்டு வந்தேன். ஊருக்குள் முதலில் விசாரித்துவிட்டு ஏறுவது நல்லது.

இந்தக் கோயிலின் பக்கத்துச் சிற்றறை ஒன்றில்தான் அவள் இருக்கிறாள். பார்வதி. தலையில் உயரமான மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஊன்றி, உடம்பு மெல்ல ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறாள். சிவன் ஆடுகிறான், இவள் பார்க்கிறாள். ஆடியவன் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டான். பார்த்தவள் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கோட்டைப் பாருங்கள், அந்தத் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற ஒற்றைக் கோட்டை! எத்தனை தடவை பார்த்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. காவியும் மஞ்சளும் மங்கித்தான் போயிருக்கின்றன. கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். மெல்ல மெல்ல அவள் சுவரிலிருந்து வெளியே வருவாள். பிளாஷ் போடாதீர்கள். தயவுசெய்து தொடவே தொடாதீர்கள். பல்லவர் ஓவியம் என்று நம்மிடம் மிஞ்சியிருப்பது மிக மிகக் கொஞ்சம், அதில் இவளுக்கு ஈடு நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள் முழுக்கச் செஞ்சி. இதற்கு அரை நாள் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் இணைத்து ஓடும் மதில். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. வெயில் ஏறுவதற்கு முன் படியேற ஆரம்பித்துவிட வேண்டும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து பள்ளம் தெரியும், அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அதில் நின்று கீழே பார்த்தால் 1690 முதல் 1698 வரை முகலாயப் படை ஏன் எட்டு வருஷம் வெளியே காத்துக் கிடந்தது என்பது ஒரே நொடியில் புரிந்துவிடும். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். சிவாஜி இதைப் பிடித்தது 1677-இல். 1714-இல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபோடு மோதி விழுந்த கதையை எங்கள் பக்கத்தில் இன்றும் கூத்தாக ஆடுகிறார்கள். அப்புறம் பிரெஞ்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். இவ்வளவு கையும் மாறிய கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தி வந்த அன்று தெருவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன்.

மேலே ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கீழே கல்யாண மகால் இருக்கிறது, நெற்களஞ்சியம் இருக்கிறது, வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. அந்தக் கோபுர வாசலில் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். ராமாயணக் காட்சிகளோடு பாற்கடல் கடைகிற காட்சியும் கல்லில் இருக்கிறது. அங்கோர் வாட்டில் உலகமே போய்ப் பார்க்கிற சிற்பம் அதே பாற்கடல்தான், அங்கே நீண்ட சுவர் நெடுக, இங்கே கையகலத்தில். அக்கா மகள் போனில் அங்கோர் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சித்தி, இதைப் பாத்துட்டுப் போனாத்தான் அது புரியும்போல" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மூன்று நாள் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை செஞ்சியிலிருந்து சிங்கவரம். பாறையிலேயே படுத்திருக்கும் பெரிய ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பக்கத்திலேயே திருநாதர்குன்றுக்குப் போனோம். ஒரு கரும்பாறையின் நெற்றியில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை. அவர்களைவிட என்னை இழுப்பது அங்கே இருக்கிற ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்ட இடம் இது என்று சொல்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்ற எழுத்தைக் காணும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. ஐம்பத்தேழில் வருகிற அந்த 'ஐ'! நாம் முதல் வகுப்பில் ஸ்லேட்டில் எழுதிய ஐ. பாறையில் உட்கார்ந்து காற்றில் விரலால் எழுதிப் பார்த்தோம்.

திண்டிவனம் திரும்புகிற வழியில் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. சமணம் என்றால் பாடப்புத்தகத்தில் முடிந்துபோன விஷயம் என்று நினைப்பவர்கள் இங்கே வந்து, தமிழிலேயே பேசி, தமிழிலேயே வாழ்கிற நயினார் குடும்பங்களைப் பார்க்க வேண்டும்.

எண்ணாயிரத்துக்குப் போக நேரமில்லை. ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிக் கல்வெட்டுப் பேசுகிற ஊர். கீழ்வாலைப் பாறை ஓவியங்களும் விட்டுப்போயின. பெருமுக்கல் மலையும் அப்படியே. திருவக்கரையை மட்டும் விட மனசில்லாமல் கடைசி நாள் மதியம் ஓட்டமாக ஓடினோம். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை தெரியும், கணு தெரியும், தட்டினால் கல்! 1781-லேயே பிரெஞ்சுக்காரர் சொன்னரா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயில், மூன்று முகம் கொண்ட லிங்கம், வக்ரகாளி. பௌர்ணமியன்று போகாதீர்கள், கூட்டத்தில் சிற்பம் பார்க்க முடியாது.

இந்த நாட்டுக்கு வந்து போக எங்களுக்கு ஆன மொத்தச் செலவு அவளுடைய விமான டிக்கெட்டில் கால்வாசிகூட இல்லை. அவள் பங்குனியில் கம்போடியா போய்விட்டு வந்தாள். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "எண்ணாயிரம் எப்ப போலாம் சித்தி?"

நீங்கள் வருவதாக இருந்தால் மார்கழி, தையில் வாருங்கள். வெயில் தாழ்ந்திருக்கும், பனங்கிழங்கு கிடைக்கும், மழை நன்றாகப் பெய்த வருஷமானால் பனமலை ஏரியும் நிறைந்திருக்கும். தண்ணீர் இரண்டு பாட்டில், தலைக்கு ஒரு துண்டு, வழுக்காத செருப்பு. குடைவரைச் சுவரில் பெயர் கிறுக்குகிற பிள்ளைகளைக் கண்டால் பக்கத்தில் கூப்பிட்டு அந்த விசித்திரசித்தன் கதையைச் சொல்லுங்கள்.