முன்னிலைச் சொல்லும் அணிமாற்றமும்

பேரழிவுக்குப் பிந்தைய உலகைக் காட்டும் ‘தி வாக்கிங் டெட்’ (2010–2022) தொலைக்காட்சி நாடகத்தில் நடைபிணங்கள் பின்னணியே; யார் யாருக்குப் பணிவது என்பதே கதை. ஆங்கில மூலத்தில் தோழன், தலைவன், பகைவன் ஆகிய மூவரையும் ஒரே முன்னிலைச் சொல் குறிக்கின்றது. தமிழாக்குவோர்க்கு இவ்வசதி இல்லை. ரிக்கும் ஷேனும் நண்பர்களாதலின் ‘நீ’ என்றே பேசவேண்டும். பகை முளைத்தபின் ‘நீங்கள்’ என மாற்றினால், மூலம் மறைத்து வைத்ததை மொழிபெயர்ப்பு முன்னரே வெளியிட்டுவிடும்.

தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பாலக்காட்டு எல்லையூரான கொழிஞ்சாம்பாறையில் இச்சிக்கல் அன்றாட வழக்கு. தமிழ் ‘நீங்கள்’ மரியாதைச் சொல். மலையாள ‘நிங்ஙள்’ மூத்தோரிடம் கூறப்படின் பலர்க்கும் மதிப்புக்குறைவாகவே தோன்றும். மலையாளத்தார் ‘சேட்டன்’ என உறவுப்பெயரிட்டு நழுவலாம். அம்மொழி வினைமுற்று இடம் காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்றோ காட்டிக்கொடுத்துவிடும்.

நேகனின் ஆட்கள், யாரென வினவப்படின், தம் பெயரை விடுத்துத் தலைவன் பெயரையே கூறுவர். ‘நான் நேகன்’ என வினையின்றி அமையும் தமிழ்த்தொடர் மூலத்தினும் கூரியது. 2017இல் ஒளிபரப்பான பகுதியில், சிறைப்பட்ட யூஜீன் வினா முடியுமுன்னரே இவ்விடையைத் தருகிறான். அவனது ஏட்டு ஆங்கிலத்துக்குப் புராணப்படச் செந்தமிழ் பொருந்தாது, நகைப்பே விளையும். அலுவலகச் சுற்றறிக்கைத் தமிழே ஏற்றது. 2018இல் தோட்டாக்களைப் பழுதாகச் செய்து நேகனைக் கவிழ்க்கும்வரை அவன் நடை மாறுவதில்லை. ஆதலின்தான் எவரும் அவனை ஐயுறவில்லை. இடையில் அந்நடையைச் சற்றே இளக்கினும் கதைமுடிச்சு அவிழ்ந்துவிடும்.