பழைய ரேடியோவுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது?

வால்வு ரேடியோ, நேஷனல் டேப் ரெக்கார்டர், எண் சுழற்றும் தொலைபேசி, ரப்பர் ஷீட் உருட்டிய இரும்பு மெஷின். கைப்பேசிக்கு வரும் இப்படிப்பட்ட படங்களை மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர்கள் அலுக்காமல் பகிர்கிறார்கள். ‘எங்க வீட்டிலயும் இருந்துச்சு’ என்ற பதில் உடனே வருகிறது. இந்தப் பழக்கத்தை வெட்டிப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. இதுவே வரலாறு என்று கொண்டாடவும் முடியாது.

முதலில் இதன் பலம். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன, ஒரே பெரட்டில் ஆள்கணக்குக்கு நின்றவர்கள் ஊருக்கொருவராய்ச் சிதறினார்கள். தோட்ட எழுத்தரான கிராணியின் கணக்கேட்டில் ரப்பர்ப் பாலின் எடையும் கூலியும் இருக்கும். லயத்தில் யார் வீட்டு ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் கூடியது என்பது இருக்காது. அதை அறிந்தவர்களை ஒரு படம் பேசவைக்கிறது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுக்கிறார்.

குறை, படத்தோடு வரும் குறிப்பில் தொடங்குகிறது. டிரான்சிஸ்டர் பெட்டியைக் காட்டி ‘ஜப்பான்காரன் காலத்து ரேடியோ’ என்று எழுதினால் அது நடக்காத கதை. முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1954இல்தான். இங்கே ஜப்பானிய ஆட்சி 1945இலேயே முடிந்துவிட்டது. யாரும் திருத்தாவிட்டால் பத்துக் கை மாறியபின் இதுவே உண்மையாகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை, கேட்க வேண்டிய கேள்வி விடுபடுவது. நிறுவனம், மாடல், இன்றைய விலை எல்லாம் வருகின்றன. அந்த ரேடியோவுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. பேராக் ஆற்றின் செண்டரோ நீர்மின் நிலையம் 1930இலேயே இயங்கியது. அதன் மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான். நிறைய மின்சாரம் குடிக்கும் வால்வு ரேடியோவால் அங்கே எளிதில் நுழைய முடியவில்லை. சின்ன பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரால் முடிந்தது. தோட்டத்தில் அந்தப் பெட்டிக்கு இருந்த மதிப்பு இதிலிருந்துதான் விளங்கும். அழகான பெட்டியை மட்டும் காட்டும் படம் அந்த இருட்டை மறைத்துவிடுகிறது.

ஒரு கருவியை எப்படி நினைவுகூரலாம் என்பதற்கு ஈப்போவை அடுத்த பப்பான் என்ற ஊரே சான்று. போர்க்காலத்தில் அங்கே மருத்துவ உதவி செய்துவந்த சிபில் கார்த்திகேசு, ஜப்பானியர் தடையை மீறிச் சிற்றலையில் பிபிசி செய்தி கேட்டார். ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு மருந்தும் சிகிச்சையும் தந்தார். 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948இல் காலமானார். அந்த ரேடியோ எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று யாரும் கேட்பதில்லை. யார் கேட்டார், எதற்காகக் கேட்டார், என்ன விலை கொடுத்தார் என்பது தெரியும். அதனால்தான் அது வரலாற்றில் நிற்கிறது.

சந்தையின் பங்கையும் எடைபோட வேண்டும். படம் பரவினால் பொருளுக்கு விலை ஏறுகிறது. லயத்து வீட்டு ரேடியோ ஈப்போ பழைய நகரின் காப்பிக்கடை அலமாரிக்குப் போகிறது. பழைய இரும்போடு போவதைவிட இது மேல்தான். ஆனால் விற்றவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் கூடவே போவதில்லை. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி.

கேசட் விஷயத்தில் தாமதிக்கவும் நேரமில்லை. நம் ஈரக்காற்றில் ஒலிநாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். உறையைப் படமெடுத்துப் பகிர்கிறோம். அதில் பதிந்த பாட்டியின் தாலாட்டோ கோயில் திருவிழா நாடகமோ அழிந்துகொண்டிருக்கும். முதலில் ஒலியை நகலெடுக்க வேண்டும். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பகிர்வதை நிறுத்தச் சொல்வது என் கருத்தன்று. படத்தோடு நான்கு செய்திகளாவது வரட்டும்: எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, வாங்கக் காசு எப்படிச் சேர்ந்தது, வீட்டில் யாருக்கு அதைத் தொட அனுமதி இருந்தது. பெட்டியில் கிடக்கும் ரேடியோ லைசென்ஸ் ரசீதையும் சேர்த்துப் படமெடுங்கள். ஆண்டை நிறுவ அதுவே சாட்சி. இந்த விவரங்களைச் சொல்லக்கூடியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். பொருள் இன்னொரு கடையில் கிடைக்கலாம். அவர்களிடம் கேட்காமல் விட்டதை வேறு எங்கும் வாங்க முடியாது.