பேசாத இருவர்: ‘சாம்சனும் டெலைலாவும்’ திரைப்படம் குறித்து

ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தினரின் துன்ப வாழ்வைத் திரையிற் காட்ட முற்படும் கலைஞனுக்குப் பார்வையாளரின் இரக்கத்தைப் பெறுவது எளிது. ஆயின் இரங்குவோனை மனிதனாகவும் இரக்கத்துக்குரியோனை வெறும் காட்சிப் பொருளாகவும் ஆக்கிவிடும் ஆபத்து அதிலுண்டு. 2009 இல் வெளிவந்த ‘சாம்சனும் டெலைலாவும்’ என்னும் அவுஸ்திரேலியத் திரைப்படம் இவ்வாபத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பது நோக்கற்பாலது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவிற் சிறந்த முதற்படத்துக்கான ‘கமரா டோர்’ விருதைப் பெற்ற இப்படத்தின் நெறியாளர் வொறிக் தோண்டன், அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரத்து ஆதிக்குடி மகன். கதை, நெறியாள்கை, ஒளிப்பதிவு ஆகிய மூன்றும் அவருடையவையே.

அவுஸ்திரேலிய ஆதிக்குடியினர் திரைக்குப் புதியவரல்லர். சாள்ஸ் சோவெலின் ‘ஜெடா’ (1955), நிக்கலஸ் றோக்கின் ‘வோக்கபவுட்’ (1971) ஆகியன உலகறிந்தவை. அவ்விரு படங்களையும் ஆக்கியோர் வெள்ளையர். இரண்டிலும் ஆதிக்குடி இளைஞன் இறுதியில் மடிந்துபோகின்றான். அழியும் இனத்தின் அழகிய மரணமாக அது காட்டப்படுகின்றது. தோண்டனின் படத்தில் இளைஞர் இருவரும் உயிர்தப்புகின்றனர். இவ்வேறுபாடு சிறியதன்று.

மத்திய அவுஸ்திரேலியப் பாலைநிலத்தின் சிறு குடியிருப்பொன்றிற் சாம்சன் விழித்தெழுந்ததும் செய்யும் முதற்காரியம் தகரப் பேணியிலுள்ள பெற்றோலை முகர்வது. அண்ணனின் இசைக்குழு நாள்தோறும் ஒரே மெட்டையே வாசிக்கின்றது. பொதுத் தொலைபேசி ஒலிக்கின்றது, எடுப்பாரில்லை. டெலைலா தன் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து மருந்தகத்துக்குத் தள்ளிச் செல்கின்றாள். ஒரே நாள் மீண்டும் மீண்டும் வருவது போன்ற இம்முதற்பகுதி சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஆயினும் வேலையோ பள்ளியோ எதிர்பார்ப்போ அற்ற இளமையின் காலவோட்டம் அத்தகையதுதான். வசனத்தாற் சொல்லியிருப்பின் அது செய்தியாகியிருக்கும்.

படம் முழுவதிலும் சாம்சன் பேசுவது ஒரேயொரு சொல். திக்கித் திக்கித் தன் பெயரையே அவன் சொல்கின்றான். மௌனத்தை நெறியாளரின் உத்தி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கேட்பாரற்ற இடத்திற் பேச்சு எதற்கு என்னும் வினா அதனுள் உறைந்துள்ளது.

பெயர்களும் சிந்திக்கத் தக்கவை. விவிலியத்திற் சிம்சோனின் தலைமயிரைச் சிரைப்பித்து அவனது பலத்தைப் போக்குபவள் தெலீலாள். இப்படத்திலோ பாட்டி இறந்தபோது டெலைலா தன் மயிரைத் தானே அறுக்கின்றாள்; பின்னர் அவள் இறந்துவிட்டாள் என நம்பிய சாம்சனும் அவ்வாறே செய்கின்றான். துரோகத்தின் அடையாளமாக இருந்தது துக்கத்தின் சடங்காகின்றது. வந்தேறிகளின் வேதக்கதை ஆதிக்குடியின் வழக்கத்தால் இங்ஙனம் திருத்தி எழுதப்படுகின்றது.

படத்தின் பொருளாதாரப் பார்வை ஓவியங்களின் வழியே வெளிப்படுகின்றது. 1971 அளவிற் பப்புன்யாவில் அரும்பிய நவீன பாலைநில ஓவிய இயக்கம் பின்னர் உலகச் சந்தையிற் பெருமதிப்புப் பெற்றது. பாட்டியும் பேர்த்தியும் நிலத்தில் அமர்ந்து தீட்டும் சீலையை வெள்ளை வியாபாரி சொற்ப பணத்துக்கு வாங்கிச் செல்கின்றான். (பாட்டியாக நடித்த மிற்ஜிலி நப்பனங்கா கிப்சன் உண்மையிலேயே ஓவியர்.) பின்னர் நகரத்துக் கலைக்கூடத்தில் அதே பாட்டியின் ஓவியம் பல்லாயிரம் டொலர் விலையுடன் தொங்கக் காண்கின்றாள் டெலைலா. அவள் தானே தீட்டிக் கொண்டுவந்த ஓவியத்தையோ எவரும் வாங்குவதில்லை. தேநீர்க்கடை மேசைகளிலிருந்தோர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். சுரண்டல் என்ற சொல்லே இன்றிச் சுரண்டல் விளக்கப்பட்ட இடம் இது. ஓவியம் மீள விற்கப்படும்போது ஓவியருக்கு 5 வீதம் உரியதாக்கிய அவுஸ்திரேலியச் சட்டம் 2009 இல் நிறைவேறி 2010 ஜூனிலேயே நடைமுறைக்கு வந்தது.

இருவரும் வறண்ட ஆற்றின் பாலத்தடியில் வாழும் பகுதியிற் படத்தின் மிகக் கொடிய காட்சி வருகின்றது. பெற்றோல் மயக்கத்திற் சாம்சன் முன்னே நடக்க, பின்னால் வரும் டெலைலாவை வெள்ளை இளைஞர் காரில் இழுத்துச் செல்கின்றனர். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒளிப்படக் கருவி அவனுடனேயே நிற்கின்றது. காருக்குள் நிகழ்ந்ததை அது காட்ட மறுக்கின்றது. காட்டியிருப்பின் இரக்கம் பிறந்திருக்கும். காட்டாதபோது, சாம்சனின் பாராமையும் தேநீர்க்கடையில் இருந்தோரின் பாராமையும் ஒன்றா என்று பார்ப்போன் எண்ண வேண்டியவனாகின்றான். ஒருவனது பாராமை நஞ்சினால் வந்தது. மற்றையோரது பழக்கத்தினால் வந்தது.

ஆயினும் இங்கேதான் படத்தின் குறையும் தோன்றுகின்றது. பெற்றோல் முகர்தல் எங்கிருந்து வந்தது? பசியை மறக்கச் செய்து மூளையையும் நரம்புகளையும் சிதைக்கும் அதன் நச்சுச் சேர்மங்களைக் குறைத்த எரிபொருள் 2005 முதல் மத்திய அவுஸ்திரேலியாவில் வழங்கப்பட்டது. 2007 இல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை இடைநிறுத்திவிட்டு மத்திய அரசு வட ஆட்புலக் குடியிருப்புகளுள் நேரடியாகத் தலையிட்டது. 2008 பெப்ரவரி 13 இற் பிரதமர் கெவின் றட், திருடப்பட்ட தலைமுறையினரிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இவ்வாண்டுகளின் விளைபொருளான இப்படத்தில் அரசு ஏறத்தாழ இல்லை. ஒலித்து ஓயும் தொலைபேசி ஒன்றே அதன் நிழல் எனலாம். இதனை அறியாத நகரப் பார்வையாளன் சாம்சனின் பழக்கத்தை அவனது இனத்தின் இயல்பான பலவீனமென்று கொண்டால், அதனை மறுக்கப் படத்திற் போதிய சான்றில்லை.

முடிவு பற்றியும் இருவேறு கருத்துக்கள் எழக்கூடும். காலிற் கவசமணிந்து மீண்டு வரும் டெலைலா அவனைத் தன் பாட்டியின் நிலத்துக்கு அழைத்துச் செல்கின்றாள், கங்காருவைச் சுடுகின்றாள், ஓவியந் தீட்டுகின்றாள், தொட்டி நீரில் அவனது உடலைக் கழுவுகின்றாள். அந்நிலம் உறவாக அவளை ஏற்கின்றது என்பது உண்மையே. ஆனால் அடிபட்டவளும் அவளே, ஆளைத் தூக்கி நிறுத்துபவளும் அவளே. சாம்சன் நீரில் அமர்ந்திருக்கின்றான். அவளது தோளில் ஏறிய இச்சுமையை நெறியாளர் அன்பென்று பெயரிட்டுக் காட்டுகின்றார். டெலைலாவாக நடித்த மரிசா கிப்சனின் முகமோ, அக்காட்சியிற்கூட, அதற்கு முழுதும் உடன்பட்டதாகத் தோன்றவில்லை.